ஒட்டாத குற்றம் மையின்மேல் ஏன்?

"வினைல்ல தண்ணி மை நிக்காதுங்க. சால்வென்ட்தான் பிடிக்கும்."

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஐயம்பேட்டையைத் தாண்டியும் இப்புறமும், அச்சுத் தொழிலில் இருக்கிற யாரிடம் கேட்டாலும் இதுதான் பதில். ஃபிளெக்ஸ் அடிக்கிறவரும் சொல்கிறார், ஸ்டிக்கர் வெட்டுகிறவரும் சொல்கிறார், பட்டுப்புடவை வைக்கும் பிவிசி உறையில் கடைப் பெயர் போட்டுத் தருகிற ஸ்கிரீன் பிரின்டிங்காரரும் சொல்கிறார். மை விற்க வருகிறவர் தலையசைத்து ஆமோதிக்கிறார். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி இந்த வாக்கியம் இயற்கை விதியைப் போல ஆகிவிட்டது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தவறு. அந்தத் தவறுக்கான விலையை, தகரக் கூரைக்குக் கீழே மெஷினுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நின்று மூச்சு விடுகிற இருபது வயதுப் பையன்கள் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைகளுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாடையில் முக்கியப் பங்கு சைக்ளோஹெக்ஸனோனுக்கு. பிவிசியைக் கரைக்கக்கூடிய சால்வென்ட் அது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். 44 டிகிரி வெப்பத்தில் அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சித்திரை மாதத்தில் நம் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈகோ சால்வென்ட் மைக்கு மாறிவிட்டோம் என்கிறவர்களும் உண்டு. அதில் கிளைக்கால் ஈதர் வகைகள் இருக்கின்றன; வாடை குறைவு, ஆவியாவதும் மெதுவாக. ஆனால் ஆவியாகிற இடம் அதே அறைதான்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மை ஒரு பரப்பில் பரவ வேண்டுமானால், மையின் பரப்பு இழுவிசை அந்தப் பரப்பின் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரின் இழுவிசை 72 டைன். வினைல் பரப்போ 40 டைனுக்குப் பக்கத்தில். மென்மையாக்கும் எண்ணெய் கலந்த ஃபிளெக்ஸிலும் ஸ்டிக்கரிலும் அதைவிடக் கீழே போகும். வெறும் தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு நிற்பது இதனால்தான். ஆனால் தண்ணீர் மை என்பது வெறும் தண்ணீர் இல்லை. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் கொஞ்சம் துணைக் கரைப்பானும் சேர்த்து அதை 30 டைன் பக்கத்துக்கு இறக்குவது மை தயாரிப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த வேலை. பரவுவது ஒரு தடையாக இருந்த காலம் போய்விட்டது.

ஒட்டுவதிலும் தண்ணீர் மைக்குப் பிறவிக் குறை எதுவும் இல்லை. பிவிசியின் எடையில் கிட்டத்தட்ட 57 சதவீதம் குளோரின். அந்தக் குளோரின் பக்கத்திலிருக்கும் ஹைட்ரஜனை லேசான அமிலத் தன்மை உள்ளதாக்குகிறது. அக்ரிலிக், பாலியூரித்தேன் பிசின்களில் இருக்கும் ஆக்ஸிஜன் அணுக்கள் காரத் தன்மை உள்ளவை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று இழுக்கும். இன்றைய தண்ணீர் மைகளில் நிறத்தைப் பிடித்து வைப்பது இந்தப் பிசின்கள்தான். வினைலும் அக்ரிலிக்கும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டால் நல்ல உறவுக்காரர்கள். கேள்வி, அவை நேருக்கு நேர் தொட்டுக்கொள்கின்றனவா என்பதுதான்.

நடைமுறையில் இது நடந்திருக்கிறது. அமெரிக்கா 1990-இல் தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கிய பிறகு, அங்கே வினைல் சுவர்த்தாள் அச்சிடும் ஆலைகள் பல தண்ணீர் மைக்கு மாறின. மாற முடியாது என்று அங்கேயும் சொன்னார்கள், மாறினார்கள். 2008-இல் ஹெச்பி நிறுவனம் லேடெக்ஸ் மையை அகல அச்சு இயந்திரத்துக்குக் கொண்டுவந்தது. ரப்பர் பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள்தான் அது. மையில் பெரும்பங்கு தண்ணீர். சூடு பட்டதும் தண்ணீர் போய், துகள்கள் உருகி ஒன்றோடொன்று சேர்ந்து வினைல்மேல் ஏடாகப் படிகின்றன. அதே ஃபிளெக்ஸும் அதே ஸ்டிக்கரும்தான் உலகமெங்கும் அதில் அச்சாகின்றன.

இதைச் சொன்னால் வரும் பதில்: "அது வெளிநாட்டு ஃபிலிம் சார். நம்ம ஃபிலிம்ல அடிச்சுப் பாருங்க, உரிஞ்சு வரும்." சொல்கிறவர் கவனிக்காமல் தன் வழக்கைத் தானே கைவிட்டுவிடுகிறார். ஒரே மை ஒரு ஃபிலிமில் நிற்கிறது, இன்னொன்றில் உரிகிறது என்றால் வித்தியாசம் மையில் இல்லை.

சந்தேகப்படுகிறவர்கள் கடையிலேயே செய்து பார்க்கலாம். மை உரிந்து வருகிறது என்று ஒதுக்கிவைத்த வினைல் துண்டை எடுங்கள். ஒரு பாதியை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். உலர்ந்ததும் இரண்டு பாதியிலும் ஒரே தண்ணீர் மையை ஒரே நேரத்தில் போட்டு, ஒரே சூட்டில் காயவிடுங்கள். மறுநாள் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். துடைத்த பாதியில் மை கூடுதலாகத் தங்கியிருந்தால், கோளாறு பிவிசியிலும் இல்லை, மையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ படிந்திருந்தது. ஆல்கஹால் அதை எடுத்துக்கொண்டு போனது.

அது என்ன, எப்படி அங்கே வந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

பிவிசி சூட்டைத் தாங்காத பிளாஸ்டிக். அதை உருக்கிப் படலமாக இழுக்க 160 முதல் 200 டிகிரி வரை சூடு வேண்டும். அதுவோ 100 டிகிரியைத் தாண்டியதுமே ஹைட்ரஜன் குளோரைடை விடத் தொடங்கும். ஒரு இடத்தில் விட்டால் பக்கத்து இடமும் விடும். மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கருகும். இதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்கள். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒரு மீட்டர் வினைல்கூட உலகத்தில் தயாராகாது. ஈயம், பேரியம்–துத்தநாகம், கால்சியம்–துத்தநாகம், தகரச் சேர்மங்கள் என்று பல வகை உண்டு. இவற்றில் பலவும் உலோகமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த சோப்புகள். மலிவாகவும் பரவலாகவும் கிடைப்பது ஸ்டியரேட். ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள். மெழுகைப் போன்ற நீண்ட வால் அது. அந்த வாலுக்கு பிவிசிக்குள் இருக்கப் பிடிக்காது. மெல்ல மெல்ல மேலே வந்து, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. துத்தநாக ஸ்டியரேட் தன் வேலையைச் செய்யும்போது, அதாவது பிவிசி விட்ட அமிலத்தைப் பிடிக்கும்போது, துத்தநாகம் குளோரைடாக மாறுகிறது. ஸ்டியரிக் அமிலம் தனியே விடுபடுகிறது. ஸ்டெபிலைசர் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு கொழுப்பு படலத்துக்குள் சுதந்திரமாகத் திரிகிறது. அதிகச் சூட்டில் ஓட்டிய ஃபிலிமும், கழிவு வினைலை மறுபடி மறுபடி உருக்கிச் சேர்த்த ஃபிலிமும் தண்ணீர் மைக்கு மோசமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். இரண்டு சுருளுக்கும் எடை ஒன்று, பளபளப்பு ஒன்று. ஒன்றில் மை நிற்கும், மற்றதில் நிற்காது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மையைத் திட்டுவார்.

கலவையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு இருக்கிற பொருள் இவ்வளவு கெடுதல் செய்யுமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பை ஸ்டியரிக் அமிலத்தின் ஒற்றை மூலக்கூறு அடுக்கால் முழுக்க மூட சுமார் 2.5 மில்லிகிராம் போதும். ஒரு சதுர மீட்டர் ஃபிளெக்ஸில் 200 கிராம் வினைல் கலவை இருப்பதாகவும், அதில் நூற்றுக்கு ஒன்று ஸ்டியரேட் என்றும் வைத்துக்கொண்டால் 2 கிராம் ஆகிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெளியே வந்தாலே பரப்பு மூடிவிடும். மை தொடுவது வினைலை அல்ல, அந்த மெழுகை. செலோடேப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மைக்குக் கீழே வினைல் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

சால்வென்ட் மைக்கு இந்தத் தொல்லை இல்லை. மெழுகையும் கரைத்து, வினைலின் மேல்தோலையும் கரைத்து உள்ளே இறங்கிவிடுகிறது. அதன் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது செய்வது, ஃபிலிம் தயாரித்தவர் விட்டுவைத்த குறையைக் கரைத்து மறைப்பது. தயாரித்தவர் மிச்சம் பிடித்த காசுக்காக அச்சடிப்பவரின் நுரையீரல் வேலை செய்கிறது.

இந்த உண்மையைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு வேதியியல் புத்தகம் தேவையே இல்லை. சாயம் போடுகிற எவரும் கச்சாப் பட்டை அப்படியே சாயத் தொட்டியில் போடுவதில்லை. கச்சாப் பட்டின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 வரை செரிசின் என்கிற பசை. சோப்பும் சோடாவும் போட்டு நூலை அவித்து, அந்தப் பசையை எடுத்த பிறகுதான் சாயம். பசை எடுக்காத நூலில் சாயம் சீராக ஏறவில்லை என்றால், சாயம் சரியில்லை என்று சொல்லும் சாயக்காரரை இந்த ஊர் மதிக்காது. நூலைச் சரியாக அவிக்கவில்லை என்றுதான் சொல்லும். தலைமுறை தலைமுறையாக இந்த அறிவு புழங்குகிற ஊரில், வினைல் விஷயத்தில் மட்டும் பரப்பை விட்டுவிட்டு மையைக் குற்றம் சொல்லும் பழக்கம் எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஸ்டெபிலைசரை மாற்றினால் ஃபிலிம் கருகிவிடும் என்பது அடுத்த வாதம். ஸ்டெபிலைசரை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் அமில வாலை மாற்றச் சொல்கிறேன். 18 கார்பன் நேர் வாலுக்குப் பதில் 8 கார்பன் கிளைத்த வாலுள்ள அமிலமோ, வளைய அமைப்புள்ள பென்சோயேட் வகையோ இருந்தால் வினைலுக்குள் இசைந்து தங்கும். பேரியம்–துத்தநாகத் திரவ ஸ்டெபிலைசர்களில் இவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவைதான். ஹைட்ரோடால்சைட் என்கிற கனிமத்தைச் சேர்த்தால் அது அமிலத்தைத் தன் அடுக்குகளுக்குள் பிடித்துக்கொள்ளும், கொழுப்பை விடுவிக்காது. உருளையில் ஒட்டாமலிருக்கப் போடும் மெழுகைத் தேவைக்கு மேல் கொட்டாமல் இருக்கலாம். இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. கேட்கிறவர் இல்லாததால் செய்கிறவர் இல்லை.

கேட்க வேண்டிய நேரம் இது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஈய ஸ்டெபிலைசர்களை 2015 முடிவுக்குள் தொழில்துறையே கைவிட்டது. இந்தியாவில் பிவிசி குழாய்களில் ஈயத்தை ஒழிப்பதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் அறிவித்தது. விதி குழாய்க்குத்தான், ஃபிலிமுக்கு இல்லை. ஆனாலும் ஸ்டெபிலைசர் சந்தை முழுவதும் கால்சியம்–துத்தநாகம் பக்கம் நகர்கிறது. ஈயம் ஒழிவதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த இடத்தில் வருவது மலிவான ஸ்டியரேட் மட்டுமாக இருந்தால் பரப்பில் கொழுப்பு கூடும். தண்ணீர் மை இன்னும் திணறும். "அப்பவே சொன்னோமே" என்பார்கள். கலவைச் சூத்திரங்கள் மாறிக்கொண்டிருக்கும்போதே அச்சுக்கு ஏற்றதாக மாற்றச் சொன்னால் தனிச் செலவு குறைவு. எல்லாம் இறுகிய பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மை பிடிக்கும்படி பரப்பில் கொரோனா மின்வீச்சு கொடுத்தால் போதும், ஃபிலிமை ஏன் மாற்ற வேண்டும் என்கிறார்கள் விவரம் தெரிந்த சிலர். பாலித்தீன் பைக்கு அது சரி. எண்ணெய் கலந்த வினைலில் அந்த மின்வீச்சின் பலன் சீக்கிரம் கரைந்துபோகும். மேல்தோலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் உள்ளேயிருந்து எண்ணெயும் கொழுப்பும் மறுபடி மேலே வரும். கோடை வெயிலில் கிடங்கில் கிடக்கும் சுருளில் இன்னும் வேகமாக வரும். பிரைமர் பூசுவதும் அப்படித்தான்: சுருளுக்குச் சுருள் கூடுதல் செலவு, கூடுதல் வேலை. வாசலில் ஒவ்வொரு சுருளையும் சுத்தம் செய்வதைவிட, ஆலையில் ஒருமுறை கலவையைத் திருத்துவது மலிவு.

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு மரியாதை உள்ளது ஒன்றே ஒன்று: மின்சாரம். தண்ணீரை ஆவியாக்க, அதே எடை சைக்ளோஹெக்ஸனோனை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைப்போல சுமார் ஐந்து மடங்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் உலர்வது இன்னும் தாமதமாகும். சூட்டைக் கூட்டினால் மெல்லிய வினைல் சுருங்கும், நெளியும். சிறு கடைக்காரருக்கு இது உண்மையான சுமை. லேடெக்ஸ் இயந்திரத்தின் விலையும் சுமைதான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தை ஏன் எழுதுவதில்லை? சால்வென்ட் கடையில் காற்றை வெளியேற்றும் விசிறியும் புகைபோக்கியும் சரியாக வைத்தால் அதற்கும் செலவு உண்டு. இன்று மலிவாகத் தெரிவது அவை இல்லாததால்தான். வைக்க வேண்டியதை வைக்காமல் விட்டு மிச்சம் பிடித்த தொகையை, முறையாக உலர்த்தும் செலவோடு ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

"வெயில்ல மூணு வருஷம் நிக்குமா?" என்று ஒரு கேள்வி வரும். எதற்காக மூன்று வருஷம் நிற்க வேண்டும்? ஐயம்பேட்டையில் தொங்கும் ஃபிளெக்ஸ்களில் பெரும்பாலானவை கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. இரண்டு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். வரதராஜப் பெருமாள் கோவில் வைகாசி பிரம்மோற்சவம் பத்து நாள். அத்தி வரதர் வைபவம் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்; மறுபடி நாற்பது வருஷம் கழித்துத்தான். பத்து நாளுக்கும் நாற்பத்தெட்டு நாளுக்கும் தேவைப்படும் பதாகையை, பல வருஷம் வெயிலைத் தாங்குவதற்கென்று செய்த மையில் அடித்துவிட்டு, தண்ணீர் மை அவ்வளவு தாங்குமா என்று கேட்பதில் என்ன நியாயம்? விழா முடிந்ததும் அந்த ஃபிளெக்ஸ் ஓலைக் கூரைமேல் மழைக்குப் போர்வையாகப் போகிறது. இல்லையென்றால் குப்பையோடு சேர்ந்து எரிந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்குகிறது. நீண்ட ஆயுள் அங்கே யாருக்கும் வரமாக இருப்பதில்லை.

ஃபிளெக்ஸையே ஒழிக்க வேண்டியதுதானே, அதற்கு நல்ல மை எதற்கு என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் மாநிலம் முழுவதும் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குப் பிறகும், 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் கட்டிய பேனர் விழுந்து, இருசக்கர வண்டியில் போன 23 வயது மென்பொருள் பொறியாளர் தடுமாறி லாரிக்கு அடியில் சிக்கி உயிரிழந்தார். சாலை நடுவில் பேனர் கட்டுவதை எந்த மையும் நியாயப்படுத்தாது. துணியில் எழுதலாம், எழுதாமலே விடலாம். ஆனால் வினைல் பேனரோடு முடிவதில்லை. கடைப் பலகை, வண்டி ஸ்டிக்கர், ரெக்ஸின், தரைவிரிப்பு, மருத்துவமனைச் சுவர், புடவை உறை என்று அது வீட்டுக்குள்ளும் இருக்கிறது. மேட்டூரிலும் கடலூரிலும் பிவிசி உற்பத்தி நடக்கிறது. நாளைக் காலையில் எல்லாப் பேனரையும் கழற்றினாலும் வினைல்மேல் அச்சடிக்கும் வேலை நிற்காது. அந்த வேலை செய்கிறவர்களின் மூச்சும் நிற்கக் கூடாது.

நம் ஊர் செய்யக்கூடியது புடவை உறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள், அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன் போன்றவை, பொதுப் பணத்தோடும் பொது நம்பிக்கையோடும் நடக்கிறவை. கோ-ஆப்டெக்ஸ் 1935-இலிருந்து இருக்கிறது. பட்டு எந்தத் தறியில் நெய்தது, சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று பார்க்கிற நிறுவனங்கள், வினைல் உறை வாங்கும்போது மட்டும் நீளம், அகலம், கனம், விலை என்பதோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்? ஆயிரக்கணக்கான ரூபாய்ப் புடவையை சால்வென்ட் வாடை தங்கிய உறைக்குள் வைத்துக் கொடுப்பது பட்டுக்கும் மரியாதை இல்லை. கொள்முதல் நிபந்தனையில் மூன்று வரி சேர்க்கலாம்: ஃபிலிமின் ஸ்டெபிலைசர் ஈயமில்லாதது, ஃபிலிம் வந்த அன்றும் மூன்று மாதம் கிடங்கில் இருந்த பிறகும் பரப்பு ஆற்றல் இன்ன டைனுக்குக் குறையாது, தண்ணீர் மையில் அச்சிட்டுக் கீறி டேப் சோதனை செய்தால் மை தங்கும். பரப்பு ஆற்றல் சோதனையை டைன் பேனாவால் எந்தக் கடையிலும் செய்யலாம். மற்றவற்றைச் செய்து சான்றளிக்க 1968-இலிருந்து சென்னை கிண்டியில் மத்திய அரசின் சிபெட் நிறுவனம் இருக்கிறது.

அந்த மூன்று மாதம் என்கிற வரியை விட்டுவிடக் கூடாது. புதுச் சுருளில் எல்லா வினைலும் நல்ல வினைல்தான். கொழுப்பு மேலே வர நாளாகும். விற்பவர் காட்டும் மாதிரி எப்போதும் அன்று காலையில் ஆலையிலிருந்து வந்ததாக இருக்கும். பழைய சுருளில் அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், மை மோசம் என்று இனி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.